வீட்டு இரும்பு வேலிக்கு என்ன நிறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சாயம் கலக்கும் மெஷின் பக்கம் நிற்பது என் வேலை. சுவருக்குச் சாயம் வாங்க வருபவர்கள் சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். வேலிக்கு வருபவர்கள்தான் நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். கேட்கும் சந்தேகங்களும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தாம். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் முன்னால் ஒன்று: நிற அட்டையைப் பார்ப்பதற்கு முன் வேலி நிற்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே என்ன மண், எந்தப் பக்கம் வெயில், யார் கை படுகிறது, எது தெறிக்கிறது என்று தெரிந்தால் பாதி அட்டை தானாகவே விலகிவிடும்.

அக்கா, எங்க வீட்டு வேலி என்ன இரும்புன்னே தெரியல. நிறம் பார்க்க அது தெரியணுமா?

கட்டாயம் தெரியணும். நம் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், இருப்பவை சில வகைதான். சதுரக் குழாயை வெல்டிங் பண்ணிச் செய்த ஹாலோ வேலி, மேல்முனை சுருட்டி வளைத்த பிஆர்சி கம்பி வேலி, ஆலையிலேயே நிறம் பூசி வரும் தகடு வேலி, பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வலை. ஹாலோவிலும் இரண்டு உண்டு: வெறும் கறுப்பு இரும்பு, துத்தநாகம் பூசிய ஜிஐ. இரண்டையும் காந்தம் பிடிக்கும், அதனால் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சாயம் உரிந்த இடத்தைப் பாருங்கள். செந்துரு தெரிந்தால் பெரும்பாலும் கறுப்பு இரும்பு. சாம்பல் கலந்த வெள்ளியாகத் தெரிந்தால் ஜிஐ.

பிஆர்சி வேலியைச் சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். அதற்குச் சாயம் அவசியமே இல்லை, அழகுக்கு வேண்டுமானால் அடிக்கலாம். கறுப்பு இரும்புக்குச் சாயம்தான் உயிர். எதற்கு எந்த அடிப்பூச்சு என்பதைக் கீழே ஜிஐ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எதைப் பார்த்து நிறத்தை முடிவு பண்றது? சுவரையா, கூரையையா?

மாறாததைப் பாருங்கள். சுவர்ச் சாயத்தை நாம் சில வருடங்களுக்கு ஒரு முறை தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ மாற்றிவிடுவோம். கூரை ஓடு, ஜன்னல் சட்டம், முன்வாசல் தரை டைல்ஸ் ஆகியவை அப்படியே இருக்கும். வேலியின் நிறம் இந்த மூன்றில் ஒன்றோடு ஒத்துப்போனால் சுவர் எந்த நிறத்துக்கு மாறினாலும் வேலி தனியாக நிற்காது.

பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலும் செம்மண் நிற ஓடுதான். அதற்கு அடர் பழுப்பு, கறுப்பு, அடர் சாம்பல் எல்லாம் பொருந்தும். நீலம் கொஞ்சம் கஷ்டம். ஜன்னல் சட்டம் கறுப்பு அலுமினியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வேலியும் கறுப்பு அல்லது அடர் சாம்பல்.

அட்டையில பார்த்தப்ப நல்லா இருந்துச்சு, வீட்ல அடிச்சா வேற மாதிரி இருக்கே. மெஷின் தப்பா கலந்துருச்சா?

மெஷின் தப்பு செய்வது அபூர்வம். கடையில் நீங்கள் பார்ப்பது டியூப் லைட் வெளிச்சம், வீட்டில் மதிய வெயில். கடையில் மென்மையான சாம்பலாகத் தெரிந்தது வெயிலில் நீலமடிக்கும், கிரீம் நிறம் வெள்ளையாகிவிடும். இன்னொன்று, வேலிக் கம்பி ஒல்லியானது. பின்னால் வானம் இருந்தால் எந்த நிறமும் ஒரு படி கறுத்துத் தெரியும். பெரிய தகடாக இருந்தால் அதே நிறம் ஒரு படி வெளிறித் தெரியும்.

வெல்டிங் கடையில் ஓர் அடி நீள வெட்டுத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். 1 லிட்டர் டின் வாங்கி அந்தத் துண்டில் இரண்டு பூச்சு அடித்து, வேலியிலேயே கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். காலை, மதியம், மழை பெய்த பிறகு, இரவில் தெரு விளக்கில் என்று பாருங்கள். ஒரு வாரம் பார்த்தும் பிடித்தால் பெரிய டின் வாங்கலாம். இது சிரமம் என்று பலர் தட்டிக் கழிக்கிறார்கள். நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

கறுப்பு அடிச்சா வீடு சூடாகாதா?

கம்பி வேலி என்றால் இல்லை. கம்பிகளுக்கு நடுவே காற்று போகிறது, இரும்பின் பரப்பும் குறைவு. வீட்டுக்குள் வித்தியாசம் தெரியாது. ஆனால் மதியம் 2 மணிக்குக் கறுப்புக் கேட்டைத் தொட்டால் கை பொறுக்காது. சின்னப் பிள்ளைகள் கேட்டில் தொங்கி விளையாடும் வீடானால், கை படும் பிடியை மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாகவோ வெளிர் நிறமாகவோ விடுங்கள்.

தகடு வேலி வேறு கதை. முழுத் தகடு, அதுவும் மேற்குப் பக்கம், அதுவும் கறுப்பு என்றால் பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்று வாடும், வாசலில் உட்கார முடியாது. தகட்டுக்கு வெளிர் சாம்பல் அல்லது கிரீம் நல்லது.

வெள்ளை அடிச்சா அழுக்குத் தெரியும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லா அழுக்கும் ஒரே நிறம் இல்லை. நம் ஊரில் வேலியைத் தொடுகிற அழுக்கு மூன்று. முதலாவது செம்மண். மழை தரையில் அடித்து வேலியின் கீழ் ஓர் அடிக்குத் தெறிக்கும். அந்தப் பழுப்புக் கறை வெள்ளையில் அப்படியே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் செம்மண்ணின் நிறமே இரும்புத் துருதான். தரை சிமெண்டு போட்டிருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

இரண்டாவது தூசு. ஈப்போ போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள், கல் ஏற்றிப் போகும் லோரிகள். பெரிய ரோட்டுப் பக்கம் வீடு இருந்தால் அந்த வெண்தூசு வெள்ளை வேலியில் தெரியாது, கறுப்பில்தான் மாவு பூசியது போலத் தெரியும். கறுப்பு அழுக்கை மறைக்கும் என்று நம்பி அடித்துவிட்டு, வாரா வாரம் துடைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ரோட்டோரத்தில் இருக்கின்றன.

மூன்றாவது பாசி. நிழலும் ஈரமும் இருக்கிற பக்கம், மரத்தடியில், தோட்டத்தை ஒட்டிய பின்வேலியில் வரும். மங்கலான மேட் பூச்சில் சீக்கிரம் பிடிக்கும், பளபளப்பான பூச்சில் வழுக்கிவிடும். அதனால் வெள்ளையோ கிரீமோ ஆசைப்பட்டால் பளபளப்பு வகையாகவே வாங்குங்கள். கழுவ, பாத்திரம் கழுவும் சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். ஜிஐ வேலியில் குளோரக்ஸ் போன்ற பிளீச் ஊற்றாதீர்கள், துத்தநாகத்தை அது அரிக்கும்.

அப்போ அழுக்கே தெரியாத நிறம் எது?

நடுத்தர நிறங்கள். மிக வெளிறியதும் வேண்டாம், மிக அடர்ந்ததும் வேண்டாம். நடுத்தரச் சாம்பல், களிமண் பழுப்பு, மங்கலான பச்சை. செம்மண் நிலமானால் பழுப்பு, தூசு ரோடானால் சாம்பல், மரநிழலானால் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பில் மட்டும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைத் துரு பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

எங்க முன்வாசல் சின்னது. எந்த நிறம் அடிச்சா இடம் பெரிசா தெரியும்?

வெள்ளை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சுவருக்கு அது சரி. கம்பி வேலிக்கு நேர்மாறு. வெள்ளைக் கம்பி வெயிலில் மின்னி, கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். அடர் நிறக் கம்பி பார்வையில் பின்வாங்கும், அதன் ஊடாக வெளியே உள்ள மரமும் தெருவும் தெரியும். 20 அடி அகல வீட்டில் நான் சிபாரிசு செய்வது கறுப்பு அல்லது கரும்பச்சை.

இதே காரணத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் உள்ளே நன்றாகத் தெரியும். அது வேண்டாம் என்றால் வெளிர் நிறம் கொஞ்சம் உதவும், செடி இன்னும் நன்றாக உதவும். இரவில் மோட்டார் சைக்கிள் திரும்பும் மூலை வீடானால் முழுக் கறுப்பு வேண்டாம். அடித்தே ஆகவேண்டும் என்றால் மூலைத் தூணில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள்.

பச்சை அடிச்சா எஸ்டேட் ஆபீஸ் மாதிரி ஆயிடாதா?

எனக்குப் பச்சை பிடிக்கும், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். எந்தப் பச்சை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பளிச்சென்ற கிளிப்பச்சை, செடியின் பச்சையோடு போட்டி போடும். செம்பருத்தியும் முருங்கையும் அதன் பக்கத்தில் வெளிறித் தெரியும். பாசியின் நிறத்துக்குக் கிட்ட வரும் கரும்பச்சை அப்படிச் செய்யாது. நிறங்களுக்கு எண் கொடுக்கும் ரால் அட்டையில் 6005 என்று இருப்பது அந்த வகை. செடி முன்னால் வந்து நிற்கும், வேலி அதன் பின்னால் ஒதுங்கிவிடும்.

இன்னொரு நன்மை, சாயத்தில் பச்சைக்குப் பயன்படும் தாலோ வகை நிறமி வெயிலைத் தாங்கும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் வீடுகளில், பின்வேலிக்கு இதைவிட நல்ல நிறம் எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம் கறுப்பும் பின்பக்கம் கரும்பச்சையும் அடிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. இரண்டையும் ஒரே பார்வையில் யாரும் பார்ப்பதில்லை.

சிவப்புக் கேட் வேணும்னு பேரப்பிள்ளை ஆசைப்படுறான். சீக்கிரம் வெளுத்துடுமா?

பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரிம நிறமிகளால் வருபவை. வெயிலில் முதலில் தோற்பவை அவைதான், விலை குறைந்த டின்னில் இன்னும் சீக்கிரம். இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் செங்கல் சிவப்பு, காவி, பழுப்பு ஆகியவை வெயிலை மதிப்பதே இல்லை. பேரனுக்குச் சமாதானம் சொல்ல செங்கல் சிவப்பு நல்ல வழி.

எந்தப் பக்கம் வெயில் என்பதும் முக்கியம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 டிகிரியில் இருக்கிறது. சூரியன் ஜூன் மாதம் நமக்கு வடக்கே, டிசம்பரில் தெற்கே நிற்கும். அதனால் வடக்கும் தெற்கும் முறை வைத்து வெயில் வாங்கும், கிழக்கும் மேற்கும் வருடம் முழுக்க வாங்கும். மேற்குப் பக்கக் கேட்டுக்குப் பளிச்சென்ற சிவப்பு வேண்டாம். அடிப்பதே முடிவு என்றால், சிவப்பும் மஞ்சளும் அடியில் இருப்பதை நன்றாக மறைக்காதவை. சிவப்புக்கு முன் வெளிர் சாம்பலும் மஞ்சளுக்கு முன் வெள்ளையும் ஒரு பூச்சு போடச் சொல்லுங்கள்.

கேட் மேல இருக்கிற ஈட்டி முனைக்குத் தங்க நிறம் அடிச்சா எவ்வளவு நாள் நிக்கும்?

சாதாரணத் தங்கச் சாயத்தில் இருப்பது பித்தளைத் தூள். நம் மழைக்கும் ஈரக் காற்றுக்கும் அது மங்கிக் கறுத்துவிடும். அதன் மேல் வெளிப்புறத்துக்கு உரிய தெளிவான பூச்சு ஒன்று அடித்தால் கூடுதல் நாள் தாங்கும். இல்லையென்றால் மைக்கா கலந்த தங்க நிறம் கேளுங்கள், அதில் கறுக்க உலோகம் இல்லை. முனைக்கு மட்டும் என்பதால் சின்ன டின் போதும்.

ராசிக்கு ஏத்த நிறம் அடிக்கணும்னு மாமியார் சொல்றாங்க. என்ன செய்யறது?

கேளுங்கள், செய்யுங்கள். ஒரு நிறத்துக்குள் பத்துப் பதினைந்து படிகள் இருக்கின்றன. பச்சை என்றால் கரும்பச்சை, நீலம் என்றால் இரவு நீலம், சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் சந்தன கிரீம். மாமியார் மனமும் நிறையும், வேலியும் நீடிக்கும். முழு வேலிக்கும் வேண்டாம் என்றால் கேட்டுக்கு மட்டும் அந்த நிறம், மீதிக்குச் சாம்பல்.

கேட்டருகே சாமி மேடை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் பூசினால் கவலை இல்லை, மஞ்சளின் நிறம் வெயிலில் தானே மறையும். குங்குமமும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரப் புகையும்தான் தங்கும். மேடையை ஒட்டிய பலகையை மட்டும் அடர் பழுப்போ காவியோ அடித்துவிடுங்கள், பளபளப்பு வகையில். வெள்ளிக்கிழமை காலை ஈரத்துணியால் ஒரு துடைப்பில் வந்துவிடும்.

ஜிஐ வேலியில எந்த நிறம் அடிச்சாலும் தோல் மாதிரி உரியுது. வேற நிறம் அடிச்சா நிக்குமா?

நிற்காது. பிரச்சினை நிறத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் பளபளப்புச் சாயத்தில் எண்ணெய் கலந்த ஆல்கைட் பிசின் இருக்கிறது. அது துத்தநாகத்தின் மேல் நேராகப் பட்டால், ஈரத்தோடு சேர்ந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். பிடிப்பு போய்விடும். அடித்த அன்று அழகாக இருக்கும், நாள் போகப் போக ஏடு ஏடாக வரும். நகத்தை வைத்துக் கிளப்பினால் அடியில் பளபளவென்று துத்தநாகம் அப்படியே தெரியும். அதுதான் அடையாளம்.

வழி இதுதான்: உரியும் சாயத்தை முழுதாக எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவிடுங்கள். லேசாக உப்புத்தாள் போட்டு மினுமினுப்பைக் கொல்லுங்கள். பிறகு ஜிஐக்கு என்றே விற்கும் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு அல்லது இரண்டு டின் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். அதன் மேல் உங்களுக்குப் பிடித்த நிறம். எபாக்சியையே மேல் பூச்சாக விட்டுவிடாதீர்கள், வெயிலில் அது மாவு மாவாக வெளுக்கும். கறுப்பு இரும்புக்கு இந்தச் சங்கடம் இல்லை. துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, சிவப்பு ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்தால் போதும்.

பவுடர் கோட்டிங் பண்ணச் சொல்றாங்க. நிறம் நல்லா இருக்குமா?

புது வேலி என்றால் நல்ல தேர்வு. தூளை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து, சுமார் 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் உருக்குகிறார்கள். 60 முதல் 80 மைக்ரான் வரை ஒரே சீரான பூச்சு கிடைக்கும். பிரஷ் கோடு இருக்காது. நிறத்தை ரால் எண்ணில் சொல்வார்கள். 1927இல் ஜெர்மனியில் 40 நிறங்களோடு தொடங்கிய அட்டை அது. அடர் சாம்பல் 7016, கறுப்பு 9005, சாக்லேட் பழுப்பு 8017. எண்ணைச் சொன்னால் வாய்வார்த்தைக் குழப்பம் இல்லை. வெளிப்புறத்துக்கு பாலியெஸ்டர் தூள்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நட்டுவைத்த வேலிக்கு இது ஆகாது, கழற்றிக் கொண்டுபோக வேண்டும். பூசிய பிறகு வெல்டிங் பண்ணினால் அந்த இடம் எரிந்துபோகும். ஆகவே பூட்டு, கீல், மின்சாரக் கேட்டின் பிடி எல்லாம் முடிந்த பிறகுதான் பூச்சுக்கு அனுப்ப வேண்டும். இந்த வரிசையை வெல்டிங்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நடு வேலி ரெண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி வெள்ளைதான் வேணும்ங்கிறாங்க, எனக்குக் கறுப்பு. என்ன வழி?

முதலில் வேலி யாருடையது என்று பாருங்கள். நீங்கள் காசு போட்டு நட்டது உங்கள் எல்லைக்குள் நின்றால் முடிவு உங்களுடையது, ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை. வீடு கட்டிய நிறுவனமே நட்டது என்றால் இருவரும் பேசித்தான் ஆகவேண்டும்.

ஆளுக்கு ஒரு பக்கம் அடிக்கலாம் என்று பலர் சமரசம் செய்கிறார்கள். தகட்டில் அது நன்றாகவே வரும். கம்பி வேலியில் வராது, சதுரக் குழாயின் பக்கவாட்டு முகம் இருவருக்கும் தெரியும். அந்த இடத்தில் நடுத்தரச் சாம்பல்தான் பெரும்பாலும் இரு வீட்டுக்கும் ஒத்துவருகிறது. வெள்ளை கேட்பவருக்கு அது கறுப்பு இல்லை, கறுப்பு கேட்பவருக்கு அது வெள்ளை இல்லை. அடிக்கும் நாளைச் சொல்லி, அவர் பக்கச் செடிக்குப் பிளாஸ்டிக் போர்த்திவிடுங்கள். ஆண்ட்டியின் ரோஜாவில் சாயம் தெறித்தால் அதற்கப்புறம் நிறம் ஒரு விஷயமே இல்லை.

நிறம் மாத்த நகராண்மைக் கழகத்துல கேக்கணுமா?

எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. சாதாரணத் தரைவீட்டில் இருக்கும் வேலிக்கு நிறம் மாற்ற யாரும் அனுமதி வாங்கி நான் பார்த்ததில்லை. உயரத்தைக் கூட்டுவது, கம்பி வேலியை மதிலாக்குவது, வாய்க்கால் பக்கம் தள்ளி நடுவது எல்லாம் வேறு விஷயம், அதற்கு முன்கூட்டிப் போய்க் கேளுங்கள்.

ஸ்ட்ராட்டா பட்டா உள்ள, அதாவது பொது இடங்களை ஒரு நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் குடியிருப்பில் இருக்கும், தரைவீடானால் கவனம். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், வெளித்தோற்றத்தையும் நிறத்தையும் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்கின்றன. நிர்வாக ஆபீசில் நிற எண்ணையே கேட்டு வாங்கி வாருங்கள், அதே எண்ணில் கலந்து தருவோம்.

தீபாவளிக்கு முன்னால அடிச்சா புதுசா இருக்கும்ல? எப்ப ஆரம்பிக்கலாம்?

எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள், அதுதான் சங்கடம். மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் நல்ல மழை மாதங்கள், ஏப்ரலும் மேயும் அப்படித்தான். ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஒப்பிட்டால் காய்ந்தவை. தீபாவளிக்கு வேலி பளபளக்க வேண்டுமானால் ஜூலையிலேயே அடித்துவிட்டு, பண்டிகைக்கு முன் ஒரு முறை கழுவுங்கள். புதிதாகவே தெரியும்.

ஆடி மாதம் வருகிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. வீடு கட்டத் தொடங்குவதும் புதுமனை புகுவதும் வேறு, இருக்கும் வேலியைப் பராமரிப்பது வேறு என்பது என் எண்ணம். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்றால் ஆனி மாதத்தில் முடித்துவிடலாம்.

நேரமும் பார்க்கணும். தோட்டத்துப் பக்கம் காலை 9 மணி வரை இரும்பில் பனி நிற்கும், கையால் தடவினால் தெரியும். மாலை 3, 4 மணிக்கு மழை இறங்கும். ஆக 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்குள் நிறுத்திவிட்டால் மழைக்கு முன் மேலே தோல் கட்டிவிடும். ஈரத்தின் மேல் அடித்த அடர் நிறம் பால் படிந்தது போல மங்கும், கறுப்பில் இது மிக அசிங்கமாகத் தெரியும். அடுத்த பூச்சு மறுநாள்தான்.

பழுப்பு அடிச்சா துரு வந்தாலும் தெரியாது. நல்லதுதானே?

நான் மேலே சொன்ன ஆபத்து இதுதான். துரு தெரியாது, ஆனால் வேலை செய்துகொண்டே இருக்கும். ஹாலோ குழாயின் கனம் பல வேலிகளில் 1.2 மில்லிமீட்டர்தான். வெள்ளையில் ஒரு புள்ளி வந்தாலே கண்ணில் குத்தும், அன்றே தேய்த்து ஒட்டுப் போடுவீர்கள். பழுப்பில் அது குழாயைத் தின்று முடித்து, தூண் ஆடும்போதுதான் தெரியவரும்.

பழுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கே அது பிடித்த நிறம். அடித்தவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை மூன்று இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள்: தூண் சிமெண்டில் இறங்கும் இடம், வெல்டிங் மூட்டு, குழாயின் திறந்த முனை. சாயம் கொப்புளமாக எழும்பியிருந்தால் அடியில் துரு. திறந்த முனைக்கு மூடி போடுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே எந்த நிறமும் காப்பாற்றாது.

ஸ்டெயின்லெஸ் கேட்டுக்குப் பக்கத்துல வேலிக்கு என்ன நிறம் சேரும்?

அடர் சாம்பல் அல்லது கறுப்பு. வெள்ளிச் சாயம் அடித்து ஒத்துப்போக வைக்கப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிஜ ஸ்டீல் இருக்கும்போது வெள்ளிச் சாயம் மங்கலாகத் தெரியும். ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் நேராகத் தொடும் இடத்தில், ஈரம் பட்டால் இரும்புப் பக்கம் சீக்கிரம் அரிக்கும். கீலுக்கு நடுவில் ரப்பர் அல்லது நைலான் வளையம் போடச் சொல்லுங்கள்.

பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வலை வெளுத்துப்போச்சு. சாயம் அடிக்கலாமா?

வேண்டாம். சாதாரண எண்ணெய்ச் சாயம் அந்த உறையின் மேல் சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும். உறை வெடித்திருந்தால் வலையை மாற்றுங்கள், தூண்களுக்கு மட்டும் சாயம் அடியுங்கள்.

எவ்வளவு சாயம் வேணும்?

20 அடி நீளம், 5 அடி உயரம், ஓர் அங்குலக் குழாய், நடுவில் நான்கு அங்குல இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 48 குழாய்கள். நான்கு முகத்தையும் சேர்த்தால் சுமார் 80 சதுர அடி, குறுக்குச் சட்டங்களுக்கு இன்னொரு 30. மொத்தம் 110 சதுர அடி, அதாவது 10 சதுர மீட்டர் அளவு. 1 லிட்டர் ஒரு பூச்சுக்கு அவ்வளவுதான் வரும். இரண்டு பூச்சுக்கு 2 லிட்டர், சிந்தலுக்கும் ஒட்டுப் போடவும் இன்னும் ஒரு லிட்டர். எல்லாம் ஒரே நேரத்தில் கலந்து வாங்குங்கள், டின் மேல் உள்ள நிற எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்பகுதி மட்டும் சீக்கிரம் கெட்டுப்போகுது. அங்க வேற நிறம் அடிக்கலாமா?

அடிக்கலாம், பல வீட்டுக்கு நான் அதையே சொல்கிறேன். கீழ் 6 அங்குலத்துக்கு எதிரிகள் அதிகம். புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு சாயத்தைச் சீவிவிடும். செம்மண் தெறிக்கும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் உர மூட்டை வேலியில் சாய்ந்து கிடக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு, கடல் உப்பு போலவே இரும்பைத் தின்னும். மூட்டையை இன்றே நகர்த்துங்கள்.

மேலே கிரீம் அல்லது சாம்பல், கீழே 6 அங்குலத்துக்கு அடர் பழுப்பு என்று ஒரு பட்டை வைத்தால் திட்டமிட்ட அழகாகவே தெரியும். அந்தப் பட்டைக்கு ஒரு பூச்சு கூடுதலாகப் போடுங்கள். வேலியோரம் அரை அடிக்குப் புல் இல்லாமல் கல் பரப்பிவிட்டால் மெஷின் கிட்டவே வராது.

அடிச்சு முடிச்சாச்சு, பிடிக்கல. இப்ப என்ன செய்யறது?

உடனே மேலே அடிக்காதீர்கள். புதுச் சாயம் முதலில் கூடுதலாக மின்னும், சில வாரத்தில் அந்த மினுக்கு அடங்கும். அதுவரை கேட்டை மட்டும் வேறு நிறத்தில் மாற்றினால் போதுமா என்று, மேலே சொன்ன துண்டுக் கம்பியைக் கட்டிப் பாருங்கள். பல நேரம் கேட்டோடு சரியாகிவிடும். அப்படியும் முழுக்க மாற்றத்தான் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் மினுக்கைத் தேய்த்து, துடைத்து, புது நிறம் அடிக்கலாம். அடிப்பூச்சு சரியாக இருந்தால் அதை மறுபடி போடத் தேவையில்லை.